இனி வற்றாளை அழுகாது

செய்தித்தாள்களில் தலைப்பு எழுதியே முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். அத்தலைப்புகளில் பெரும்பாலானவை மறுநாளே கடலை சுற்றப் போயின. எழுதிய எனக்கே அவை நினைவில்லை. ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை. 'இனி வற்றாளை அழுகாது' என்பது அத்தலைப்பு. 2015 வைகாசியில் நான் அப்போது பணியாற்றிய பத்திரிகையின் உட்பக்கமொன்றில் மூன்று பத்தி அகலத்தில், என் பெயருடன் வெளியானது. மூன்றே சொற்கள். இலக்கணத்தில் குறை சொல்ல இடமில்லை. செய்திதான் பிழை.

பிழை என்பதை அவ்வாண்டு மார்கழியில் துணுக்காயிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பு ஒன்றினால் அறிந்தேன். அழைத்தவர் கோபப்படவில்லை. "தம்பி, வத்தாளங்கிழங்கைப் பற்றி எழுதினது நீங்களோ?" என்று கேட்டார். ஆம் என்றேன். "ஒருக்கால் வந்து பாத்திட்டுப் போங்கோ" என்றார். கோபித்திருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லி அழைப்பைத் துண்டித்திருப்பேன். அந்த நிதானம்தான் என்னை பஸ் ஏற வைத்தது.

தமிழகத்து வாசகர்களுக்கு ஒரு சிறு விளக்கம். நாங்கள் வற்றாளை என்றும் பேச்சில் வத்தாளங்கிழங்கு என்றும் சொல்வதை நீங்கள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சீனிக்கிழங்கு என்கிறீர்கள். நாங்கள் பள்ளியில் பங்கசு என்று படித்தது உங்களுக்குப் பூஞ்சை. பெயர்கள் இரண்டானாலும் அழுகல் ஒன்றுதானே என்று இவ்விடத்தில் எழுதக் கை துடிக்கிறது. அழுகல் ஒன்றன்று, பல. அது தெரியாமல்தான் அன்று அத்தலைப்பை எழுதினேன்.

மாங்குளம் சந்தியில் ஏ-9 வீதியை விட்டு மேற்கே திரும்பினால் மல்லாவி, அதையடுத்துத் துணுக்காய். முல்லைத்தீவு மாவட்டத்தின் மேற்குப் புறம். பாலியாற்றை மறித்த வவுனிக்குளத்தை நம்பி வாழும் நிலம் இது. 1950களில் அந்தப் பழங்குளம் திருத்தப்பட்டபோது குடாநாட்டிலிருந்தும் தீவுப்பகுதியிலிருந்தும் காணியில்லாத குடும்பங்கள் இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறின. தாழ்ந்த நிலம் நெல்லுக்கு, மேட்டுக்காணி வீட்டுக்கும் தோட்டத்துக்கும் என்பது அன்றைய ஏற்பாடு. மேட்டுக்காணியின் செம்மண்ணில் மரவள்ளியும் வற்றாளையும் கச்சானும் வந்தன. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், யூரியாவும் மண்ணெண்ணெயும் வவுனியா சோதனைச் சாவடியைத் தாண்டாத நாட்களில், வன்னியின் வயிற்றை நிரப்பியவற்றுள் இக்கிழங்குகளும் அடங்கும். 1995 இறுதியில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து அங்கே வந்து சேர்ந்தவர்களில் அவித்த வற்றாளையும் வெறுந்தேநீரும் காலை உணவாகக் கண்டவர்கள் என் தலைமுறையில் பலர் இருக்கிறார்கள். இன்று கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் இருந்து இதை வாசிக்கும் சிலருக்கு அந்தச் சுவை இப்போதும் நாவில் இருக்கும்.

என்னுடன் ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவரையும் அழைத்துச் சென்றேன். வன்னியின் மண்ணை நாற்பது ஆண்டுகள் மிதித்தவர். என்னை எப்போதும் 'நீர்' என்றே விளிப்பார். வாசலில் காத்திருந்த கமக்காரருக்கு அறுபது வயது இருக்கலாம். இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. பக்கத்தில் கிடுகுக் கொட்டில். கொட்டிலை நெருங்க முன்னரே கள் புளித்தது போன்ற நாற்றம் மூக்கில் அடித்தது. உள்ளே உரப்பைகளில் கிழங்கு. பைகளின் அடியில் ஈரம் கசிந்திருந்தது. மேலே சின்ன ஈக்கள்.

"அரை ஏக்கர் வைச்சனான்" என்றார் அவர். "புரட்டாதியிலேயே கிண்டியிருக்கலாம். அப்ப விலையில்லை. பேப்பரிலை அழுகாது எண்டு போட்டிருந்ததுதானே, கிடக்கட்டும், விலை வர எடுப்பம் எண்டு விட்டனான். பிறகு மழை பிடிச்சிட்டுது."

2015 கார்த்திகை மழையைப் பலருக்கும் நினைவிருக்கும். அந்தப் பருவத்தின் வடகீழ் மழைதான் சென்னையை மூழ்கடித்தது. வன்னியிலும் குளங்கள் நிரம்பி வழிந்தன. மழைவிட்ட இடைவெளியில் அவர் அவசரமாகக் கிண்டியெடுத்து, சேற்றைக் கழுவி, ஈரம் உலரும் முன்னர் பைகளில் கட்டியிருக்கிறார். வீட்டினுள் நாட்காட்டிக்குப் பின்னால் செருகியிருந்த தாளொன்றை எடுத்து வந்து காட்டினார். என் செய்திதான். ஓரங்களை ஒழுங்காக வெட்டி, இரண்டாக மடித்து வைத்திருந்தார். மனைவியின் சங்கிலியை அடைவு வைத்துத்தான் கொடியும் கூலியும் பார்த்ததாக, என்னைப் பார்க்காமல், போதனாசிரியரிடம் சொன்னார்.

போதனாசிரியர் ஒரு கத்தி கேட்டு வாங்கிச் சாக்கில் குந்தினார். ஒவ்வொரு கிழங்காக வெட்டி மூன்று குவியலாகப் பிரித்தார். முதற்குவியலில் இருந்தவை தொட்டால் விரல் புதையும். சாறு வடிந்தது. தோல் வெடித்த இடங்களில் வெண்மயிர் போல முளைத்து, நுனியில் கறுப்புப் புள்ளி வைத்திருந்தது. அது மென்னழுகல். ரைசோபஸ் என்ற பங்கசு, காயம்பட்ட கிழங்கை இரண்டு மூன்று நாளில் கூழாக்கிவிடும். இரண்டாவது குவியலில் இருந்தவை அதற்கு நேரெதிர். கட்டையாக இறுகி, சுருங்கி, உள்ளே கரிபோலக் கறுத்திருந்தன. தோலில் சொரசொரவென்று பருக்கள். ஜாவாக் கறுப்பழுகல் என்று பெயர். வெப்பநாடுகளில் மாங்காயின் காம்பையும் அழுகச் செய்கிற லாசியோடிப்ளோடியா என்ற பங்கசின் வேலை. பெரும்பாலும் கிழங்கின் முனையிலிருந்தே உள்ளே போகும். மூன்றாவது குவியலில் கபில நிறக் குழிகள். வெட்டினால் உள்ளே பொந்து, பொந்துக்குள் வெண்பஞ்சு. பியூசேரியம் இனத்துப் பங்கசுகள் செய்வது அது. மூன்று குவியலிலும் பொதுவாக இருந்தது ஊசித்துளைகள். கிழங்கைத் துளைக்கும் நீள்மூஞ்சி வண்டு இட்டுச் சென்ற வாசல்கள் அவை.

பிரித்து முடித்துவிட்டுக் கத்தியைத் துடைத்தபடி என்னைக் கேட்டார்: "இதிலை எந்த அழுகலுக்கு எதிர்ப்பெண்டு எழுதினனீர்?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

யாழ்ப்பாணம் திரும்பியதும் பழைய கோப்பைத் தேடி, அச்செய்திக்கு ஆதாரமான குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ஒரு நிறுவனம் அனுப்பிய ஒற்றைப் பக்கக் குறிப்பு. அதில் எழுதியிருந்தது சரியாகவே இருந்தது: 'தண்டு அழுகல் நோய்க்கு ஓரளவு எதிர்ப்புத்தன்மை கொண்டது.' இடம் போதாமையால் 'ஓரளவு' என்ற சொல்லை வெட்டியவன் நான். வாசகனுக்குத் தண்டு எதற்கு, கிழங்குதானே முக்கியம் என்று 'தண்டு' என்பதையும் வெட்டினேன். எஞ்சிய 'அழுகல் நோய்க்கு எதிர்ப்பு' தலைப்புக்குச் சோம்பலாகத் தோன்றியது. 'இனி வற்றாளை அழுகாது' என்றாக்கினேன். ஒரு விஞ்ஞானக் கூற்று பொய்யாவதற்கு எவரும் பொய் சொல்லத் தேவையில்லை; இரண்டு அடைமொழிகளை வெட்டினால் போதும். அவ்வினத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பிழை அந்த இனத்துடையதல்ல.

அதன் பின்னர் இவ்விடயத்தைக் கொஞ்சம் படித்தேன். கலைப்பட்டதாரிக்கு எட்டிய அளவுதான். முதலில் பிடிபட்டது மூன்று சொற்களின் வேறுபாடு. நோய் எதிர்ப்பு என்பது ஒன்று: கிருமி உள்ளே நுழைவதையோ பெருகுவதையோ பயிர் தடுப்பது. நோய் தாங்கும் தன்மை என்பது இன்னொன்று: கிருமி உள்ளே வந்து பெருகினாலும் விளைச்சல் அதிகம் குறையாமல் பயிர் தாக்குப்பிடிப்பது. நோயற்ற நடுகைப்பொருள் என்பது மூன்றாவது: கொடியில் இன்றைக்கு நோயில்லை, அவ்வளவுதான்; நாளை நோயுள்ள மண்ணில் நட்டால் அது படுத்துவிடும். பத்திரிகைக்காரர்கள் மூன்றையும் 'நோயெதிர்ப்பு இனம்' என்ற ஒரே பைக்குள் கட்டுகிறோம். ஈரக் கிழங்கைப் பையில் கட்டியதைப் போன்றதுதான் அதுவும்.

அடுத்தது, எதிர்ப்பு எப்போதும் பெயர் குறிப்பிட்ட ஓர் எதிரிக்கு எதிரானது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 இல் தொடங்கப்பட்ட மத்திய கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட இனங்களில் ஸ்ரீபத்ரா என்று ஒன்று உண்டு. வேர்முடிச்சை உண்டாக்கும் நுண்புழுவுக்கு எதிர்ப்புள்ளது என்று அதற்குப் பெயர். புழுவுக்கு எதிர்ப்பு என்றால் பங்கசுக்கும் எதிர்ப்பு என்று பொருளில்லை. எங்கள் பேராதனைக்கு அண்மையில் கன்னொறுவையிலும் விவசாயத் திணைக்களம் தோட்டப்பயிர்களை ஆராய்கிறது. வாரியபொல சிவப்பு, வாரியபொல வெள்ளை என்ற இனங்கள் திணைக்களத்தின் சிபாரிசுப் பட்டியலில் நெடுங்காலம் இடம்பெற்றவை. எந்த இனத்தின் பெயரைக் கேட்டாலும் அடுத்ததாகக் கேட்கவேண்டிய கேள்வி, எந்த நோய்க்கு, எவ்வளவு என்பதுதான்.

அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் 2005 இல் கோவிங்டன் என்ற இனத்தை வெளியிட்டது. ரொறன்ரோக் கடைகளில் செம்மஞ்சள் சதையுடன் விற்கப்படும் அமெரிக்கக் கிழங்கு அநேகமாக அதுவாக இருக்கும். பியூசேரியம் வாடல் நோய்க்கு நல்ல எதிர்ப்புள்ள இனம். பழைய நூல்களில் தண்டு அழுகல் என்று குறிக்கப்படுவதும் அதே நோய்தான். சில ஆண்டுகளில் அம்மாநிலத்தின் வற்றாளை நிலத்தில் மிகப்பெரும் பகுதி அந்த ஒரே இனத்தின் கீழ் வந்தது. 2014 அளவில் வேறொரு நோய் திரும்பி வந்தது. செரட்டோசிஸ்டிஸ் என்ற பங்கசு உண்டாக்கும் கறுப்பழுகல். 1890 இல் நியூஜேர்சியில் முதன்முதலில் விவரிக்கப்பட்டு, பின்னர் நல்ல கட்டுப்பாட்டினால் அங்கே ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்த நோய். கோவிங்டனுக்கு அதன்முன் எதிர்ப்பில்லை. களஞ்சியங்களிலும், கடல்தாண்டிப் போன பெட்டிகளிலும் கிழங்கு கறுத்தது. பல்கலைக்கழகம் பொய் சொல்லவில்லை. இனமும் தான் வாக்களித்த நோயை எதிர்த்துக்கொண்டே இருந்தது. வந்த நோய்தான் வேறு.

ஜப்பானின் கதை இன்னும் அண்மையது. தெற்கே ககோஷிமாவிலும் மியாசாகியிலும் வற்றாளையிலிருந்து ஷோச்சு என்ற மது வடிக்கிறார்கள். அதற்கென்றே அமைந்ததுபோல கொகனே செங்கன் என்ற வெள்ளைச் சதைக் கிழங்கு. 1966 முதல் அதுவே அரசன். 2018 இல் அடியழுகல் நோய் முதலில் ஒகினாவாவிலும் பின்னர் இவ்விரு மாவட்டங்களிலும் கண்டறியப்பட்டது. கொடி மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்து, அங்கிருந்து கிழங்குக்கு இறங்கும் பங்கசு நோய். நோயுள்ள கொடித்துண்டின் மூலமும், வயலில் விட்டுவந்த அழுகிய கிழங்கின் மூலமும், தேங்கிய நீரின் மூலமும் பரவியது. கொகனே செங்கன் அதற்கு இலகுவில் பலியாகும் இனம். கிழங்குத் தட்டுப்பாட்டால் மது வடிப்பாலைகள் திணறின. மிச்சிஷிசுகு என்ற எதிர்ப்புத்திறன் கூடிய இனத்தை ஆய்வாளர்கள் பின்னர் கொண்டுவந்தார்கள். எதிர்ப்பு பயனற்றது என்று சொல்ல வரவில்லை. சீனாவில் 1970களில் வேரழுகல் பரவிய மாகாணங்களை மீட்டது சூசோ ஆய்வு நிலையத்தின் சூசூ-18 என்ற எதிர்ப்பு இனமே. சரியான எதிரிக்குச் சரியான இனம் கிடைத்தால் இலட்சக்கணக்கான ஏக்கர் தப்பும். எதிரி யாரென்று முதலில் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு கிழங்கு எப்படி எதிர்க்கிறது என்பதையும் கேட்டறிந்தேன். முதலாவது தோல். இரண்டாவது, தோல் காயப்பட்டால் அவ்விடத்தில் தக்கை போன்ற புதுப்படலம் எவ்வளவு விரைவாக உருவாகிறது என்பது. மூன்றாவது கைப்பு. பங்கசு தீண்டிய இடத்தைச் சுற்றிக் கிழங்கு தானே ஒரு கசப்புப் பொருளைச் சுரக்கிறது. இப்போமியமரோன் என்று பெயர். 1940களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைக் கறுப்பழுகல் பிடித்த கிழங்கிலிருந்து பிரித்தெடுத்தார்கள். கறுப்பழுகலை எதிர்க்கும் இனங்கள் அதை விரைந்து சுரந்து பங்கசை வாசலிலேயே மறிக்கின்றன; எளிதில் பலியாகும் இனங்கள் தாமதிக்கின்றன. கைச்ச கிழங்கை மாட்டுக்கும் வைக்காதே என்று என் ஆச்சி சொல்வார். அவருக்கு இரசாயனம் தெரியாது. ஆனால் பூஞ்சணம் பிடித்த வற்றாளை தின்ற மாடுகள் மூச்சுத்திணறி இறந்ததை ஆராய்ந்தவர்கள், அதே குடும்பத்து நச்சுப்பொருளொன்று நுரையீரலைத் தாக்குவதையே கண்டார்கள். அந்தக் கைப்பு அவித்தாலும் முழுதாகப் போகாது. கறுத்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு உண்பதும் சரியன்று.

இவ்வளவையும் ஓரினத்துக்குள் ஒருங்கே கொண்டுவருவது எளிதன்று. மனிதக் கலத்தில் 46 நிறமூர்த்தங்கள். வற்றாளையில் 90. ஆறு தொகுதிகளாக. தன் பூவின் மகரந்தத்தைத் தானே பெரும்பாலும் ஏற்காது. வித்திலிருந்து முளைப்பது ஒவ்வொன்றும் தாயைப் போலில்லாத புதுப் பிறவி. ஆகவே நல்ல குணமுள்ள ஒன்று கிடைத்தால் அதைக் காப்பாற்ற ஒரே வழி கொடியை வெட்டி வெட்டி நடுவதுதான். ஓரினத்தின் எதிர்ப்புத்திறன் முழுவதும் உயிருள்ள கொடியில் இருக்கிறது.

இதன் முழுப்பொருள் அந்த மார்கழி நாளில் கமக்காரரின் தாயார் பேசியபோதுதான் எனக்கு விளங்கியது. எண்பது கடந்தவர். திண்ணையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய குடும்பம் குளம் திருத்திய காலத்தில் தீவிலிருந்து வந்தபோது இரண்டு வகைக் கொடிகளை ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்ததாம். ஒன்று சிவப்புத்தோல், மற்றது வெள்ளைத்தோல். கோடையில் கிணற்றடியில் வாழைக்குக் கீழே ஒரு பாத்தி, மழை தொடங்க மேட்டில் நடுகை. அரை நூற்றாண்டு அந்தக் கொடி அறுந்ததில்லை.

"எட்டாம் ஆண்டு ஆவணியிலை வெளிக்கிட்டம்" என்றார். 2008. இராணுவம் துணுக்காயையும் மல்லாவியையும் நெருங்கிய நாட்கள். "விதைநெல்லை ரக்டரிலை ஏத்தினவர். நான் கொடியிலை நாலு முழம் வெட்டி ஈரத்துணியிலை சுத்திக் கொண்டுபோனனான். அக்கராயனிலை நட்டம். பிறகு தருமபுரம், பிறகு விசுவமடு. அங்காலை நடேல்லை."

அங்காலை என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாதவர்களே இதை வாசிக்கும் பலரும்.

2009 இறுதியில் முகாமிலிருந்து திரும்பிய முதல் குடும்பங்களுள் அவர்களுடையதும் ஒன்று. வளவு காடாகியிருந்தது. அடுத்த மழையில் வாய்க்கால் கரையோரம் சிவப்புத்தோல் தானாக முளைத்திருந்தது. மண்ணுக்குள் கிடந்த ஏதோ ஒரு கிழங்கு இரண்டு ஆண்டுகளும் முளைத்துப் படர்ந்து தன்னைக் காத்திருக்க வேண்டும். வெள்ளைத்தோல் எங்கும் இல்லை. அயலூர்களிலும் கேட்டுப் பார்த்தார்களாம். நெல்லைச் சாக்கில் கட்டலாம். உழுந்தைப் போத்தலில் அடைக்கலாம். கொடியைக் கட்டிவைக்க முடியாது. பயிரில்லாத ஒரே ஒரு கோடை போதும், ஓரினம் அழிவதற்கு. மரபுரிமை வளங்களைச் சேமிக்க கன்னொறுவையில் ஜப்பானிய உதவியுடன் ஒரு நிலையம் 1980களின் இறுதியிலிருந்து இருக்கிறது. பெரு நாட்டின் லீமாவில் சர்வதேச உருளைக்கிழங்கு நிலையம் ஆயிரக்கணக்கான வற்றாளை வகைகளைக் கண்ணாடிக் குழாய்களில் வளர்த்துக் காக்கிறது. ஆச்சியின் கிணற்றடிப் பாத்தியும் அப்படியொரு நிலையம்தான். அதற்குப் பாதுகாப்பு வலயம் எதுவும் இருக்கவில்லை.

இங்கே என் பழைய கை மீண்டும் துடித்தது. 'போரை வென்ற கொடி' என்ற தலைப்பு மனத்தில் வந்துவிட்டது. போதனாசிரியர் என் முகத்தைப் பார்த்தே பிடித்துவிட்டார். "பழசு எண்டாப்போலை எதிர்ப்பு இருக்குமெண்டு எழுதிப் போடாதையும்" என்றார். "வாய்க்கால் கரையிலை தப்பினது தண்ணியாலை. வண்டு அதையும் துளைக்கும். சோதிச்சுப் பாத்தால்தான் தெரியும்." உண்மை. மறைந்துபோன வெள்ளைத்தோலுக்குள் என்ன எதிர்ப்பு இருந்தது என்று இனி எவரும் சோதிக்கப்போவதில்லை. இருந்திருக்கலாம் என்பதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதும் உரிமை எனக்கில்லை.

விடைபெறும்போது ஏதோ செய்யவேண்டும் என்ற உந்துதலில் சட்டைப்பையில் கைவைத்தேன். கமக்காரரின் மனைவி அதுவரை பேசாதிருந்தவர். "காசு வேண்டாம்" என்றார். "உங்கடை பேப்பரைப் பாத்திட்டு இந்தப் பக்கத்திலை வேறை ஆக்களும் அந்தக் கொடி வாங்கினவை. அவையளுக்குச் சொல்லுங்கோ."

சொல்லவில்லை. திருத்தம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். ஆறு மாதத்துக்கு முந்திய செய்திக்கு இப்போது என்ன திருத்தம் என்று மேசையில் கேட்டார்கள். நானும் வற்புறுத்தவில்லை. இன்னொரு விளம்பரம் வந்தது, இடம் போனது. பிறகு எனக்கே அது வசதியாகிவிட்டது.

2021 மே மாதத்தில் இரசாயன உரத்தையும் பங்கசுநாசினி முதலான விவசாய இரசாயனங்களையும் இறக்குமதி செய்ய அரசு தடை விதித்தபோது இதையெல்லாம் மீண்டும் நினைத்தேன். நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் ஒரு போகம் பாழாகியிருந்தது. 2022 இன் நெருக்கடியில் மருந்துப் போத்தலின் விலை ஏழைக் கமக்காரனுக்கு எட்டவில்லை. வன்னிக்கு இது இரண்டாவது தடவை. கையில் காசோ கடையில் மருந்தோ இல்லாத காலத்தில் கமக்காரனுக்கு மிஞ்சும் ஒரே மருந்து கொடிக்குள் இருக்கும் எதிர்ப்புத்தான். அதைப் பற்றி ஒருவன் மிகைப்படுத்தி எழுதினால் நட்டப்படுபவன் மாற்று வழியே இல்லாதவன். இதை 2015 இலேயே நான் உணர்ந்திருக்க வேண்டும்.

அந்நாளில் போதனாசிரியர் கொட்டில் வாசலில் குந்தியிருந்து சொன்னவற்றைச் சுருக்கித் தருகிறேன். திருத்தத்துடன் போயிருக்க வேண்டியவை இவை. நடுவதற்கு நுனிக்கொடியை ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக, மண்ணுக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டும்; மண்ணைத் தொட்ட அடிக்கொடியில் பங்கசு ஒட்டிவரும். ஒரே நிலத்தில் தொடர்ந்து நடக்கூடாது. இரண்டு மூன்று ஆண்டு வேறு பயிர் போட வேண்டும். வரம்பை உயர்த்திக் கட்டி, வெடிப்பு விழும்போதெல்லாம் மண் அணைக்க வேண்டும்; வெடிப்பு வழியாகவே வண்டு இறங்கும். முற்றியதும் பெருமழைக்கு முன்னர் கிண்ட வேண்டும். தேங்கிய நீரில் மூச்சடைத்த கிழங்கை எந்த இனத்தின் எதிர்ப்பும் காப்பாற்றாது. கிண்டியதைக் கழுவாமல், காயம்பட்டதைப் பிரித்து, நிழலில் நான்கு நாள் முதல் ஏழு நாள் வரை ஈரக்காற்றுப் படும்படி பரப்பி, மேலே ஈரச்சாக்கு மூட வேண்டும். 30 பாகை அளவான வெப்பமும் ஈரப்பதனும் சேர்ந்தால் காயம் தக்கை பிடித்து ஆறிவிடும். குளிர்நாட்டில் அதற்கென்று அறை கட்டி வெப்பமூட்டுகிறார்கள். எங்களுக்கு வெயில் இலவசம்.

சென்ற ஆண்டு மீண்டும் துணுக்காய்ப் பக்கம் போகக் கிடைத்தது. ஆச்சி இப்போது இல்லை. கமக்காரர் காலாறு மாதங்களில் கால் ஏக்கர்தான் செய்கிறாராம். மூன்று வகைக் கொடி, தனித்தனி வரம்பில். ஒன்று நான் எழுதிக் கெடுத்த அதே இனம். ஒன்று வேறொரு சிபாரிசு இனம். மூன்றாவது கரையோரச் சிவப்புத்தோல். எது நல்லது என்று கேட்டேன். பத்திரிகைக்காரன் கேள்வி.

"ஒண்டு பிழைச்சால் ஒண்டு நிக்கும் தம்பி. மூண்டும் ஒரேயடியா அழுகாது" என்றார். பிறகு சற்று யோசித்து, "இதையும் தலைப்பாப் போட்டிடாதையுங்கோ. மழை கூடினால் மூண்டும் அழுகும்" என்றார்.

சங்கிலியை மீட்டார்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்தபோது கழுத்தைப் பார்க்காமல் கோப்பையை வாங்கிக்கொண்டேன்.

பத்திரிகையில் அச்சாகாத திருத்தத்தை இங்கே பதிகிறேன். அந்தக் கொடியை வாங்கிய எவருடைய பிள்ளையாவது எங்கோ ஒரு நாட்டிலிருந்து இதை வாசிக்கக்கூடும். வாசித்தால் ஊருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

திருத்தம்: 2015 வைகாசியில் என் பெயரில் வெளியான 'இனி வற்றாளை அழுகாது' என்ற செய்தியில் குறிப்பிட்ட இனம், தண்டு அழுகல் என்ற ஒரு நோய்க்கு மட்டும், ஓரளவு எதிர்ப்புத்தன்மை கொண்டது. கிழங்கு அழுகும். தவறுக்கு வருந்துகிறேன்.